கழுத்து வலியா? கவனியுங்கள்!



நம் குழுக்களில் பீடி சுத்துறவங்க இருக்கிறார்கள், தையல் மெஷின் மிதிக்கிறவங்க இருக்கிறார்கள், மாதக் கடைசியில் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து குழுக் கணக்கு எழுதுறவங்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று வேலை செய்பவர்களும் சொல்லும் தொந்தரவு ஒன்றுதான். கழுத்து வலி. "பிடரி பாரமா இருக்கு", "தோள்பட்டை இழுக்குது", "சாயங்காலம் ஆனா பின்மண்டையில இருந்து தலைவலி கிளம்புது" என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். சிலர் வாய்வு என்று பூண்டு சாப்பிடுகிறார்கள். சிலர் எலும்பு தேய்ந்துவிட்டது என்று பயந்து, வட்டிக்கு வாங்கியாவது ஸ்கேன் எடுக்கிறார்கள். தொழிலுக்கு என்று குழுவில் எடுத்த கடன் ஊசிக்கும் மாத்திரைக்கும் கரைந்துபோவதை நாங்கள் பல ஊர்களில் பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த இதழில் கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறோம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பெரும்பாலான கழுத்து வலி ஆபத்தானது இல்லை. சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் வேலை செய்கிற விதம் மாறாவிட்டால் மறுபடியும் வரும். மாத்திரையால் மட்டும் இது தீராததற்குக் காரணம் இதுதான்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

மண்டை ஓட்டுக்கும் தோளுக்கும் நடுவில் 7 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. (அத்தனை உயரமான ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் 7 எலும்புதான்!) எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. டாக்டர்கள் டிஸ்க் என்று சொல்வது இதைத்தான். எலும்புகளின் நடுவே உள்ள குழாய் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து நரம்புகள் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் போகின்றன. கழுத்தில் ஒரு நரம்பு அழுந்தினால் விரல் மரத்துப்போவது இதனால்தான்.

முதுகெலும்பு ஒரு கம்பு மாதிரி நேராக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து முன்பக்கமாக வளைந்திருக்கும், மேல்முதுகு பின்பக்கம், இடுப்பு மறுபடி முன்பக்கம். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை சுருண்டு கிடப்பதால் அதன் முதுகு முழுவதும் ஒரே வில்லாக இருக்கும். பிறந்து 3, 4 மாதத்தில் பிள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் இல்லையா? அப்போதுதான் கழுத்து வளைவு நன்றாக உருவாகிறது. எழுந்து நடக்கும்போது இடுப்பு வளைவு உருவாகிறது. நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்க இந்த வளைவுகள் உதவுகின்றன.

குனிந்தால் என்ன ஆகிறது?

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலை தோளுக்கு நேர் மேலே இருந்தால் எலும்புகளே அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னால் சாயச் சாய, அது விழுந்துவிடாமல் பிடரித் தசைகள் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் வைத்தால் அரை மைல்கூட நடந்துவிடுவோம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிஷம் தாங்குமா? குடத்தின் எடை மாறவில்லை, உடம்பிலிருந்து தூரமாகப் போனதுதான் வித்தியாசம். தலைக்கும் இதே கதைதான். 2014-ல் அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் இதற்குக் கணக்குப் போட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமார் 12 கிலோ பாரம், 30 டிகிரி என்றால் 18 கிலோ, 60 டிகிரி என்றால் 27 கிலோ. இது கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு, ஆளை வைத்து அளந்தது இல்லை. ஆனாலும் விஷயம் புரியும். மடியில் இருக்கும் பீடித்தட்டைப் பார்க்கவும், கையில் இருக்கும் செல்போனைப் பார்க்கவும் நாம் நன்றாகவே குனிகிறோம். ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பிடரி தாங்குகிற மாதிரி.

"கொஞ்ச நேரம் குனிஞ்சா கழுத்து கெட்டுப்போயிருமா?" என்று கேட்கலாம். கெடாது. கழுத்து குனியவும் நிமிரவும்தான் படைக்கப்பட்டிருக்கிறது. கெடுதல் என்னவென்றால், ஒரே குனிவில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பது. இறுகிப் பிடித்திருக்கும் தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. ஈரத் துணியைப் பிழிந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் கை எப்படிக் கடுக்கும்? அப்படித்தான் பிடரியும் கடுக்கிறது. கொஞ்சம் தளர்த்திவிட்டால் ரத்தம் மறுபடி ஓடும், கடுப்பு குறையும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

அதனால் "எப்பவும் விறைப்பா நிமிர்ந்து உட்காரு" என்று சொல்லும் அறிவுரையையும் நாங்கள் முழுசாக ஏற்கவில்லை. பட்டாளத்துக்காரர் மாதிரி நாள் பூரா விறைத்து உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். தரையில் உட்காருவதும் தப்பில்லை. மாறி மாறி உட்கார வேண்டும், நடுநடுவே எழுந்திருக்க வேண்டும்.

"எங்க பாட்டிக்கு வரலையே?"

கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், அவர்களுக்கு ஏது கழுத்து வலி என்பார்கள். மறுபடியும் அம்மிக்குப் போங்கள் என்று சில பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். எழுதுபவர்கள் ஆண்களாக இருப்பதையும் கவனித்திருக்கிறோம்! பாட்டிகளுக்கும் வலி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்மை. அவர்கள் காலையில் கிணற்றடியில், பிறகு நடவில், மதியம் விறகுக்கு, சாயங்காலம் மாட்டுத் தொழுவத்தில் என்று உடம்பைப் பலவிதமாக அசைத்தார்கள். இன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது, மிக்ஸி அரைக்கிறது. மிச்சமான நேரத்தை உட்கார்ந்து செய்யும் கூலி வேலை எடுத்துக்கொண்டது. அதுவும் ஓய்ந்தால் சீரியல், இல்லாவிட்டால் செல்போன். காலையிலிருந்து படுக்கும் வரை கழுத்து ஒரே பக்கமாகக் குனிந்திருக்கிறது. அம்மி வேண்டாம், அசைவு வேண்டும்.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று வந்தால்?

இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது. ஆலங்குளம் பக்கம் ஒரு உறுப்பினர், "கழுத்தெலும்பு தேஞ்சிருச்சாம்" என்று ஆறு மாதம் வேலைக்கே போகாமல், கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் இருந்தார். வலி குறையவில்லை. கழுத்துத் தசைதான் மெலிந்துபோனது. குழுவில் தவணையும் நின்றது. பிறகு அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையை விட வைத்தார்கள். இப்போது தட்டை எடுத்து உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

வயது ஏற ஏறத் தலைமுடி நரைப்பது போல எலும்பும் வட்டும் மாறும். வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்தாலும் இந்த மாற்றம் தெரியும். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து 2015-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 87 பேருக்கு மேல் வட்டு பிதுங்கியிருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. ஆக, படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. "கழுத்து வளைவு குறைஞ்சிருக்கு" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தாலும் இதே பதில்தான். டாக்டர் நரம்பைச் சோதித்துப் பார்த்து அவசியம் என்று சொன்னால் ஸ்கேன் எடுங்கள். நாமாகப் போய் எடுக்க வேண்டாம்.

வேலையை எப்படி மாற்றுவது?

பீடி சுத்துறவங்களுக்கு முதலில் சொல்கிறோம். நம் பகுதியில் அதிகம் பேர் செய்யும் வேலை இது. சுவரில் முதுகு சாய்கிற மாதிரி உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தால் தட்டு நாலு விரல்கடை உயரும், அந்த அளவுக்குக் குனிவு குறையும். ஒரே பக்கம் கால் மடக்காமல் மாற்றி மாற்றி மடக்குங்கள். காலை நீட்டியும் உட்காரலாம். இலை வெட்டுவதையும் சுற்றுவதையும் மொத்தம் மொத்தமாகச் செய்யாமல் நடுநடுவே மாற்றிக்கொண்டால் கைக்கும் நல்லது.

அடுத்து, இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்திருங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரு கட்டுக்கு 25 என்றால் இரண்டு கட்டு சுற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எழுந்து ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்று, தோளைச் சுழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

"எந்திரிச்சா எண்ணிக்கை குறையுமே, கடையில யாரு குடுப்பா?" நியாயமான கேள்வி. எண்ணிக்கைக்குத்தான் கூலி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர வேலையில் அரை மணிக்கு ஒரு நிமிஷம் என்றால் மொத்தம் 16 நிமிஷம். மணிக்கு 120 பீடி சுற்றுபவருக்கு 32 பீடி குறையும். ஒரு கட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் வலியால் ஒரு நாள் படுத்துவிட்டால் போவது 40 கட்டுக்குக் கிட்டே. இதில் எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தையல் வேலை செய்பவர்கள் பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்திருக்கலாம். மெஷினில் தைக்கும் இடம் முழங்கை உயரத்துக்கோ அதைவிடக் கொஞ்சம் மேலாகவோ இருக்க வேண்டும். பல வீடுகளில் மெஷின் தாழ்வாகவும் ஸ்டூல் உயரமாகவும் இருக்கிறது. அப்படி இருந்தால் குனியாமல் ஊசியைப் பார்க்கவே முடியாது. மோட்டார் மாட்டிய மெஷின் என்றால் பெடல் தரையில் தனியாக இருக்கும். ஆகவே நாலு காலுக்கும் கீழே ஆடாத மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம். மிதி மெஷின் என்றால் மிதியும் சேர்ந்து உயரும், எனவே ஓரிரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முழங்கால் மேசையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூலைவிட முதுகு சாய்க்கும் நாற்காலி நல்லது. ஹெம்மிங், பட்டன் கட்டுதல் போன்ற கை வேலைக்குத் துணியை மடியில் போட்டுக் குனியாமல், தலையணை வைத்து மேலே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, கண். கண் சரியாகத் தெரியாவிட்டால் அதற்குக் கழுத்துதான் ஈடு கட்டும். தூரப்பார்வை மங்கியவர் துணிக்குள் முகத்தை வைத்துத் தைப்பார். 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர் தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் இழுத்து நூல் கோப்பார். இரண்டும் பிடரிக்குக் கேடு. கண் பரிசோதனை முகாம் வந்தால் வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் இடது தோளுக்கு மேலே இருந்து வேலையின் மேல் விழ வேண்டும் (வலது கைக்காரர்களுக்கு). வாசல் வெளிச்சம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கணக்கு எழுதும் ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு: பேரேட்டை மடியில் வைத்து எழுதாதீர்கள். பிள்ளைகள் படிக்கும் சாய்வுப் பலகையோ, ஒரு குட்டி மேசையோ போதும். குழுவின் பொதுச் செலவில் ஒரு எழுதும் பலகை வாங்கத் தீர்மானம் போடலாம். ரொம்ப நாள் உழைக்கும். செல்போனைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கப் பழகுங்கள். கை வலித்தால் கீழே வையுங்கள். அது இரண்டு வகையில் நல்லது.

பயிற்சிகள்

பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறையிலேயே செய்யலாம்.

நேராகப் பார்த்தபடி தாடையை மட்டும் உள்ளே இழுங்கள். தலை குனியக் கூடாது. யாரோ நெற்றியில் விரல் வைத்துப் பின்னால் தள்ளுகிற மாதிரி. இரட்டைத் தாடை விழும், பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை! ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். பத்து முறை. அடுத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகில் ஒன்றையொன்று தொடப் போவது போலப் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். இதுவும் பத்து முறை. மூன்றாவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் மெதுவாகத் தள்ளுங்கள், தலை நகராமல் கை தடுக்க வேண்டும். அதேபோல் பின்மண்டையிலும் இரண்டு பக்கக் கன்னத்திலும். இதைப் பாதி பலத்தில் செய்தால் போதும்.

தினமும் இரண்டு தடவை. செய்யும்போது லேசாக இழுப்பது சகஜம். கையில் சுரீரென்று மின்சாரம் பாய்வது போல இருந்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தலையை வட்டமாகச் சுழற்றும் பயிற்சி வேண்டாம். பயன் தெரிய மூன்று, நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாளே விட்டுவிடாதீர்கள். இதோடு சாயங்காலம் இருபது நிமிஷம் கை வீசி நடந்தால் பிடரி நன்றாகவே தளரும்.

வலி அதிகமான நாளில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 நிமிஷம் ஒத்தடம் கொடுக்கலாம். எண்ணெய் தடவி மெதுவாக நீவலாம். படுக்கையிலேயே கிடக்க வேண்டாம், முடிந்த வேலையைச் செய்யுங்கள். படுக்க ஒரே ஒரு தலையணை போதும். பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்ப வேண்டும். கையை மடக்கித் தலைக்குக் கொடுத்து டி.வி. பார்க்காதீர்கள்.

மனசும் இதில் இருக்கிறது. தவணை கட்ட வேண்டிய வாரம், வீட்டில் சண்டை நடந்த வாரம், தூக்கம் கெட்ட வாரம் பிடரி இன்னும் இறுகும். இது கற்பனை வலி இல்லை, நிஜ வலிதான். வீட்டில் உள்ளவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் குனிந்து உழைத்தவர் மறுபடி பாத்திரத்துக்கும் துணிக்கும் குனிய வேண்டியதில்லை. அந்தக் குனிவை வீட்டு ஆண்களும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

செய்யவே கூடாதவை

சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்ப விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. வேகமாகத் திருகும்போது அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் வரலாம். சத்தம் வந்தால் சரியாகிவிட்டது என்பதும் உண்மை இல்லை.

மெடிக்கலில் "கழுத்து வலிக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்காதீர்கள். வலி மாத்திரையை நாள்கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். சில இடங்களில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரையில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஒரே நாளில் வலி பறந்துபோகும், பின்னால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். பேர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். கழுத்துப் பட்டையும் டாக்டர் சொன்னால்தான், சொன்ன நாள் வரைக்கும்தான்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

கை பலம் குறைந்து பாத்திரம் நழுவுகிறது, பட்டன் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடம் அழுந்துகிறது என்று அர்த்தம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்துத் தாடை நெஞ்சைத் தொட முடியாவிட்டாலும், வண்டியிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்த பிறகு கழுத்து வலித்தாலும் அப்படித்தான். காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வந்து ராத்திரியிலும் ஓயாமல் வலித்தால் கட்டாயம் காட்டுங்கள்.

கழுத்து, தாடை, இடது தோள் வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினால் அது இதய வலியாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் இப்படி வரும். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கை மரத்துப்போவதில் இன்னொரு வகையும் உண்டு. ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் நரம்பு அழுந்துவது கழுத்தில் இல்லை, மணிக்கட்டில். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வரும். டாக்டரிடம் எந்த விரல், எந்த நேரம் என்று சரியாகச் சொன்னால் வீண் ஸ்கேன் செலவு மிச்சம்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது, அதைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்கள் மத்திய அரசின் தொழிலாளர் நல மருந்தகத்துக்கும் அட்டையோடு போகலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் ஆரம்பிக்கும் முன் மேலே சொன்ன மூன்று பயிற்சிகளையும் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். சந்தேகம் இருந்தால் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது நாங்கள் பார்த்துப் பதில் சொல்கிறோம்.